தூதர் நியமன ஃபைல் கேட்டு ஒரு வாத்தியார் போட்ட மனு: நிகழ்வு ஆய்வு

எங்க ஆரம்பிச்சுது

திருச்செங்கோட்டுல நாங்க நாலு பேரு சனிக்கிழமை சாயங்காலமானா ஒரு ஜெராக்ஸ் கடை மாடில உக்காந்து தகவல் உரிமை மனு எழுதிக் குடுக்கறோம். வர்றது பூரா பட்டா, முதியோர் பென்ஷன், போட்ட ரோடு பத்து நாள்ல பேந்துபோன கதை, அவ்வளவு தான். 2025 அக்டோபர் ரெண்டாவது வாரம் ஒரு ரிட்டயர்டு வரலாறு வாத்தியாரு வந்தாரு, எழுபத்தொண்ணு வயசு, மஞ்சப்பைய மடில வெச்சுக்கிட்டு வரிசைல பொறுமையா உக்காந்திருந்து அவரு முறை வந்ததும், "கண்ணு, வெளிநாட்டுக்குத் தூதர எப்படிப் பொறுக்கி அனுப்பறாங்கன்னு டெல்லிக்கு எழுதிக் கேட்டேன், திருப்பி அனுப்பிச்சுட்டாங்க"ன்னாரு.

இந்த மாதிரி மனு எங்ககிட்ட வந்ததே இல்ல. மூணு மாசத்துக்கு மேல இழுத்துது, நடுவுல சட்டமே ஒரு இடத்துல மாறிப்போச்சு, நாங்களும் ரெண்டு மூணு தப்பு பண்ணுனோம். அதனால முழுசா எழுதி வெக்கறேன். வாத்தியார் பேரு, அவரு கேட்ட தூதர் யாரு, எந்த நாடு, எந்த அலுவலகம், எதையும் இங்க சொல்லல.

அவருக்கு எதுக்கு இது

வாத்தியாரு ஊர்ப்பக்கத்துப் பெரிய மனுசங்களப் பத்தி சின்னதா ஒரு புத்தகம் எழுதிட்டிருக்காரு. அதுல டாக்டர் சுப்பராயன் வர்றாரு. எங்க பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன், 1926ல இருந்து 1930 வரைக்கும் சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரி, அப்பறம் 1949ல இருந்து 1951 வரைக்கும் இந்தோனேசியாவுல நம்ம தூதரு. அவரு ஐஎஃப்எஸ், அதாவது இந்திய வெளியுறவுப் பணி அதிகாரி கிடையாது, அரசியல்வாதி. அதே காலத்துல தான் ராதாகிருஷ்ணனும் மாஸ்கோவுக்குத் தூதரா போனாரு, அவரு தத்துவ வாத்தியாரு. அப்ப இவங்கள எல்லாம் யாரு, எந்தக் காயிதத்துல, என்ன எழுதித் தேர்ந்தெடுத்தாங்கன்னு இவருக்கு அரிப்பு.

இதுக்கு நடுவுல தான் 2025 செப்டம்பர் 11ஆம் தேதி பிரிட்டன்ல அமெரிக்காவுக்கான தூதர் பீட்டர் மாண்டல்சன வேலைய விட்டு நீக்குனாங்க, பாலியல் குற்றத்துல தண்டனை வாங்குன அமெரிக்கப் பணக்காரரு எப்ஸ்டீனுக்கு அவரு எழுதுன பழைய மெயிலெல்லாம் வெளிய வந்ததால. அங்க பார்லிமென்ட் கமிட்டி, இவரப் பத்தி யாரு விசாரிச்சீங்க, எப்ப விசாரிச்சீங்கன்னு கேட்டு லெட்டர் போட்டுது. வாத்தியாரு தினம் டீ குடிக்கற கடைல, போர்வெல் போடற ரிக் வண்டி வெச்சிருக்கற அவரு சிநேகிதரு, "அதெல்லாம் அங்க சாமி, இங்க கேட்டா காத்து கூட வராது"ன்னு சொல்லிருக்காரு. அந்தப் பேச்சுல தான் மனு பொறந்துது. பழைய 1949 ஃபைலு ஒண்ணு, கொஞ்ச நாள் முன்ன ஐஎஃப்எஸ்க்கு வெளிய இருந்து போன ஒருத்தரோட நியமன ஃபைலு ஒண்ணு, ரெண்டையும் ஒட்டுக்கா ஒரே மனுல கேட்டுப்போட்டாரு.

திரும்பி வந்த கவரு

மஞ்சப்பைல இருந்து அந்த மனுவ எடுத்து வெச்சாரு. முத்து முத்தான கையெழுத்து, தமிழ்ல, மூணு பக்கம், பதினேழு கேள்வி. மேல வலது பக்கம் 10 ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு. அதப் பாத்ததும் எனக்குப் பாதி விசயம் புரிஞ்சு போச்சு. தமிழ்நாட்டு அரசு ஆபீசுக்கு மனு போட்டா கோர்ட் ஃபீ ஸ்டாம்பு செல்லும், நாங்க வாரா வாரம் ஒட்டறது தான். மத்திய அரசுக்கு அது செல்லாது, போஸ்டல் ஆர்டரு, டிடி, ரொக்கம், இல்ல ஆன்லைன்ல கட்டணும். அட்ரஸும் தப்பு. இவரு தான் எங்க தூதருன்னு அந்த நாட்டுத் தலைவர்கிட்ட குடுக்கறதுக்குத் தூதர் கொண்டு போற நம்பிக்கைக் கடிதத்துல கையெழுத்து ஜனாதிபதியோடது, அப்ப ஃபைலும் அங்க தான இருக்கும்ங்கறது அவரு கணக்கு. அட்ரஸ் மட்டும் தப்புன்னா பெரிசா பாதகமில்ல, தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(3) படி அஞ்சு நாளைக்குள்ள சரியான ஆபீசுக்குத் தள்ளி விட்டிருப்பாங்க. ஃபீஸே செல்லாததால மனுவே மனுவா இல்லாம போச்சு.

அதெல்லாம் மேலோட்டம். உள்ள இருந்த கோளாறு கேள்விகள்ல. பதினேழுல பதினொண்ணு "ஏன்"ல முடிஞ்சுது. ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் அனுபவமுள்ள அதிகாரியை அனுப்பவில்லை, இப்படி. பரீட்சைப் பேப்பரு மாதிரியே இருந்துதுன்னு சொன்னதுக்கு வாத்தியாரு சிரிச்சுட்டாரு. ஆனா விசயம் சீரியஸ் தான். 2010லயும் 2011லயும் சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு, இந்தச் சட்டத்துல கையில இருக்கற காயிதத்தக் கேக்கலாம், அதிகாரிய உக்காந்து யோசிச்சுக் காரணம் எழுதிக் குடுன்னோ, புதுசா ஒரு கணக்கு தயார் பண்ணிக் குடுன்னோ கேக்க முடியாது. காரணம் ஃபைல்ல எழுதிருந்தா அந்தப் பக்கத்தக் கேக்கணும்.

நியமனம் எப்படி நடக்குதுன்னு நாங்க படிச்சுக்கிட்டது

அடுத்த மனு எழுதறதுக்கு முன்ன ஒரு வாரம் படிச்சோம், எங்களுக்கும் தெரியாதே. நம்ம நாட்டுல தூதருக்கு இன்ன தகுதி இருக்கணும்னு தனியா ஒரு சட்டம் கிடையாது, பார்லிமென்ட்டு ஒப்புதலும் தேவையில்ல. வெளியுறவு அமைச்சகத்துல பேரு கெளம்பி, மந்திரி, பிரதமர்னு மேல போயி முடிவாகும். முக்காவாசிப் பேரு ஐஎஃப்எஸ்ல இருந்து தான் போறாங்க, வெளியாளுங்க கொஞ்சம் தான்.

ஆனா நாம முடிவு பண்ணுனா மட்டும் போதாது. 1961 வியன்னா ஒப்பந்தத்துல 4ஆவது பிரிவு படி, இவர அனுப்பலாமான்னு அந்த நாட்டுகிட்ட முன்னாலயே கேட்டுச் சம்மதம் வாங்கணும், இதுக்கு அக்ரேமான்னு பேரு, அவங்க வேண்டாம்னு சொன்னா காரணம் சொல்ல வேண்டியதில்ல. பொண்ணு பாக்கற மாதிரி தான், தரகர் வழியா சத்தமில்லாம கேப்பாங்க, ஒத்து வரலன்னா ரெண்டு பக்கமும் வெளிய மூச்சு விட மாட்டாங்க. சம்மதம் வந்த பொறகு தான், இன்னார் நியமிக்கப்பட்டிருக்கார், விரைவில் பொறுப்பேற்பார்னு ரெண்டு மூணு வரில பிரஸ் ரிலீஸ் வரும்.

அமெரிக்காவுல இது வேற மாதிரி. செனட்டு ஒப்புதல் வேணும், 1980 வெளியுறவுப் பணிச் சட்டப்படி இவருக்கு என்ன தகுதின்னு ஜனாதிபதி செனட் கமிட்டிக்கு அறிக்கை குடுக்கணும், தூதரா போறவரும் அவரு குடும்பமும் நாலு வருசத்துல எந்தெந்தக் கட்சிக்காரருக்கு எவ்வளவு தேர்தல் நிதி குடுத்தாங்கன்னு லிஸ்ட்டும் குடுக்கணும். அப்படியும் அங்க காசு குடுத்தவங்க நல்ல நல்ல ஊரா பாத்துப் போயிட்டுத் தான் இருக்காங்க, ஆனா எவ்வளவு குடுத்தாங்கன்னாவது தெரியுது. இத வாத்தியார்கிட்ட சொன்னப்ப அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

நாங்க எடுத்த முடிவுகள்

பழைய ஃபைல புது மனுல இருந்து பிரிச்சோம். 25 வருசத்துக்கு மேல போன அரசு ஆவணத்துல நிரந்தரமா வெக்க வேண்டியது 1993 பொது ஆவணச் சட்டப்படி தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகணும், ரகசிய முத்திரை இன்னும் எடுக்காதது தவிர. அதுக்கு வாசலே வேற, மனு போடறதுக்கு முன்ன அபிலேக் படல்னு காப்பகத்தோட வெப்சைட்டுல தலைப்பத் தேடிப் பாக்கணும். ரெண்டையும் ஒரே மனுல வெச்சா ஒண்ணு இன்னொண்ணுக்குக் காலக் கட்டிரும்.

பதினேழ அஞ்சா கொறச்சோம், அஞ்சும் காயிதம். நியமன உத்தரவோட நகல். ஐஎஃப்எஸ்க்கு வெளிய இருந்து எடுக்கறதுக்கு எழுத்துல விதியோ வழிகாட்டுதலோ இருந்தா அது. இப்ப பதவில இருக்கற வெளியாளுங்க லிஸ்ட்டு. இந்த ஒரு நியமனத்துல முதல் குறிப்புல இருந்து ஒப்புதல் வரைக்கும் இருக்கற நோட்டிங் பக்கங்கள், அதாவது ஃபைல்ல அதிகாரிங்க எழுதற குறிப்பு, மறைக்க வேண்டியத பிரிவு 10 படி மறைச்சுட்டு மிச்சத்தக் குடுங்கன்னு சேத்து. அஞ்சாவது, அக்ரேமா கேட்ட தேதியும் வந்த தேதியும், தேதி மட்டும்.

பாஷைல ஒரு சண்டை வந்துது. இங்கிலீஷ்ல போட்டா சீக்கிரம் நகரும்னு நான் சொன்னேன். "மனு குடுக்கற ஊரோட ஆட்சி மொழில எழுதலாம்னு சட்டத்துலயே இருக்குதுங்கல்ல, அப்பறம் நான் எதுக்கு இங்கிலீஷ்ல எழுதோணும்?"னு வாத்தியாரு பிடிச்ச பிடில நின்னாரு. பிரிவு 6(1)ல அப்படித் தான் இருக்கு, அவரு சொன்னது சரி. கடைசில தமிழ் மனுவ பிடிஎஃப் பண்ணி இணைச்சு, ஆன்லைன் பெட்டில 3000 எழுத்துக்குள்ள இங்கிலீஷ்ல சுருக்கம் எழுதுனோம்.

ஆன்லைன் எதுக்குன்னா ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர் உடனே வரும், நாள் கணக்கு தகராறில்லாம ஓடும். தீபாவளி கழிச்சு அக்டோபர் 25 சனிக்கிழமை உக்காந்தோம், வாத்தியாரோட கார்டுல 10 ரூவா கட்டப் போனா ஓடிபி திருப்பூர்ல இருக்கற அவரு பையன் ஃபோனுக்குப் போகுது. பையன் கூப்பிட்டு, "அப்பா, யாருக்கோ கார்டு நம்பர் குடுத்துட்டீங்களா?"னு கத்தறான், இவரு மெதுவா விளக்கிச் சொல்றதுக்குள்ள நேரம் தீந்து போச்சு, மறுக்கா போட்டு மூணாவது தடவ தான் போச்சு.

வந்த பதிலு

நவம்பர் 21ஆம் தேதி வந்துது, 27ஆவது நாளு, அந்த விசயத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. உத்தரவு நகல் குடுத்துட்டாங்க, ஒரு பக்கம். விதிக்கு, 1961 அலுவல் நடத்தை விதிகள் வெப்சைட்டுல இருக்கு பாத்துக்கங்கன்னு லிங்க் மட்டும். லிஸ்ட்டுக்கு, எல்லாத் தூதரகத் தலைவர்களோட பட்டியல் இணையத்துல இருக்கு, நீங்க கேட்ட மாதிரி தனியா பிரிச்சு வெக்கறதில்லன்னு. நோட்டிங் பக்கங்கள் தனிப்பட்ட தகவல், பிரிவு 8(1)(ஜெ) படி தர முடியாது. அக்ரேமா தேதி வெளிநாட்டு உறவு, வெளிநாட்டு அரசு நம்பிக்கைல குடுத்த தகவல், 8(1)(ஏ), 8(1)(எஃப்).

வாத்தியாருக்கு நோட்டிங் மறுத்தது தான் மனசு ஆறல. "அவரு வீட்டு விசயத்தயா கேட்டேன், நாட்டு வேலைக்கு அனுப்புனத தான கண்ணு கேட்டேன்"னாரு.

முதல் முறையீட்டுல என்ன பண்ணுனோம்

முறையீட்டுக்கு 30 நாள் இருக்கு, ஃபீஸ் கிடையாது. நான் டிராஃப்ட் எழுதிட்டேன், எங்க பழைய முறையீட்டுல இருந்து ஒரு பாரா எடுத்துப் போட்டு. பார்லிமென்ட்டுக்கு மறுக்க முடியாத தகவல தனி மனுசனுக்கும் மறுக்கக் கூடாதுன்னு ஒரு வரி இருக்குமே, பத்து வருசமா அத நம்பித் தான் வண்டி ஓட்டறோம். டிசம்பர் 6ஆம் தேதி பிரிண்ட் எடுத்துப் படிக்கறப்ப எங்க கூட இருக்கற லா படிக்கற பொண்ணு, "அண்ணா, இந்த வரி இப்ப சட்டத்துலயே இல்லீங்க"ன்னுச்சு.

அது சொன்னது நெசம். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 44(3)னு ஒரு உட்பிரிவு, அது 8(1)(ஜெ)வ வெட்டிச் சுருக்கிருச்சு. முன்ன, பொது வேலைக்குச் சம்பந்தமில்லாத தனிப்பட்ட தகவல், அநாவசியமா அந்தரங்கத்துல நுழையற தகவல்னு வரம்பு இருந்துது, பொது நலன் பெருசுன்னா குடுக்கலாம்னும் இருந்துது. இப்ப வெறும் "தனிப்பட்ட தகவல்", அவ்வளவு தான். அந்தப் பிரிவு அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 14. நாங்க மனு போட்டது அதுக்கு இருபது நாள் முன்ன, பதிலு வந்தது ஒரு வாரம் கழிச்சு. நடு ஆத்துல போறப்ப படகு மாறுன மாதிரி.

எந்தச் சட்டம் எங்க மனுவுக்குப் பொருந்தும்னு வாதம் பண்ணலாம், ஆனா அந்த வாதத்துல எறங்குனா முறையீடு பூரா அதுலயே போயிரும்னு விட்டுட்டோம். அதுக்குப் பதிலா இன்னும் சட்டத்துல இருக்கற மூணப் பிடிச்சோம். பிரிவு 8(2), தீங்க விடப் பொது நலன் அதிகம்னா விலக்கு இருந்தாலும் குடுக்கலாம், இத யாரும் தொடல. பிரிவு 10, பகுதியாவது குடுக்கணும். அப்பறம் 8(1)(ஐ)ல இருக்கற நிபந்தனை, மந்திரி சபைக் காயிதமா இருந்தா கூட முடிவு எடுத்து விசயம் முடிஞ்ச பொறகு முடிவையும் காரணத்தையும் வெளியிடணும்னு இருக்கறப்ப, அதுக்குக் கீழ இருக்கற ஒரு நியமனக் குறிப்புக்கு மட்டும் என்ன கதவுன்னு கேட்டோம். கூடவே, வயசு, அட்ரஸ், சொத்து, உடம்பு விசயம் எதுவும் எங்களுக்கு வேண்டாம், எந்தப் பதவில இருக்கறவங்க எந்தத் தேதில என்ன முடிவு எழுதுனாங்கங்கறது போதும்னு எழுதுனோம்.

அக்ரேமா தேதிய நாங்க முறையீட்டுல சேக்கல. வாத்தியாருக்கு இதுல இஷ்டமில்ல, தேதில என்ன ரகசியம் கண்ணுன்னு கேட்டாரு. ஒரு பேரு அனுப்பி ஆறு மாசம் பதிலு வரலன்னு வெளிய தெரிஞ்சா, அந்த நாடு வேண்டாம்னு சொல்லுச்சுன்னு யாரும் கணக்குப் போட்டுருவாங்க, அது அவங்க சமாச்சாரமும் கூட, நம்ம அரசு முடிவுல நமக்கு இருக்கற உரிமை அதுல அதே அளவு இல்லன்னு நான் சொன்னேன். இப்பவும் எனக்கு அது சரின்னு தான் படுது.

என்ன கெடச்சுது

2026 ஜனவரி 12ஆம் தேதி, பொங்கலுக்கு மூணு நாள் முன்ன, உத்தரவு வந்துது. பகுதி ஏற்பு. மாசக் கடைசில கவரு வந்துது, நாலு பக்கம் நோட்டிங். ரெண்டு பக்கம் பாதிக்கு மேல கருப்பு மை. வாத்தியாரு அத வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு, ஜெராக்ஸ் எடுத்த கருப்பு, என்ன தெரியும். மிச்சத்துல பதவிப் பேரு, கையெழுத்துக்குக் கீழ தேதி, "ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது", கடைசில ஒப்புதல். பேர மொதல்ல யாரு சொன்னாங்க, என்ன தகுதி எழுதுனாங்கங்கறது மைக்கு அடில தான் இருக்கு.

ஆனா தேதிகள் இருக்கே. வாத்தியாரு பென்சில் எடுத்து ஓரத்துல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு, ஒரு மேசைல இருந்து அடுத்த மேசைக்கு எத்தன நாள்னு எழுதிக்கிட்டே போனாரு. முதல் குறிப்புக்கும் ஒப்புதலுக்கும் நடுவுல மூணு வாரம் கூட இல்ல. "நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாட்ச்மேன் போடறதுக்கு இத விட நாளாச்சு"ன்னாரு. அடுத்த நாள் காத்தால டீக்கடைல சிநேகிதருகிட்ட அந்த நாலு பக்கத்தையும் நீட்டி, "காத்து வந்திருக்குது பாருங்க"ன்னாராம். அவரு கருப்பப் பாத்துட்டு, "தார் ஊத்தி அனுப்பிருக்காங்க"ன்னு சொன்னதா கேள்வி.

ரெண்டாவது முறையீடு மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், 90 நாள் டைம், 2026 ஏப்ரல் 12 வரைக்கும் இருந்துது. நான் போகலாம்னு தான் சொன்னேன், குறிப்பா 8(1)(ஜெ) மாறுன பொறகு இந்த மாதிரி கேஸ்ல ஆணையம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு வர்ற எல்லாருக்கும் ஆகும். வாத்தியாரு வேண்டாம்னுட்டாரு, ஆணையத்துல வரிசை நீளம், அவருக்குப் புத்தகம் முடியோணும். மனுதாரர் அவரு, நாங்க எழுதிக் குடுக்கறவங்க தான், அதோட விட்டோம்.

1949 வழி தனியா ஓடிட்டிருந்துது. அவரு தங்கச்சி பேத்தி டெல்லில படிக்குது, ஒரு காலேஜ் வரலாற்றுத் துறைல இருந்து அறிமுகக் கடிதம் வாங்கி அனுப்பி, அந்தப் பொண்ணு ஜனவரில காப்பகத்து வாசிப்பறைக்குப் போயி உக்காந்து எழுதிட்டு வந்திருக்கு. என்ன கெடச்சுதுங்கறத வாத்தியாரு புத்தகத்துல எழுதுவாரு, நான் இங்க அத ஒடச்சுட்டா என்ன விட மாட்டாரு.

இப்ப மறுக்கா போட்டா

பெரிய தப்பு, ஃபைல நேர்ல பாக்கக் கேக்காதது. நகல் கேக்கறது மாதிரியே ஆய்வும் உரிமை தான், முதல் மணி நேரம் இலவசம், அப்பறம் மணிக்கு 5 ரூவா. டெல்லில ஆளு இல்லன்னு நாங்களா நெனச்சுட்டு அந்த வரிய எழுதவே இல்ல, பேத்தி அங்க இருக்கறது எங்களுக்குத் தெரிஞ்சதே டிசம்பர்ல. நகலா வந்த நாலு பக்கம் ஃபைல்ல எத்தனாவது பக்கம், நடுவுல எத்தன பக்கம் விட்டுப்போச்சுன்னு நேர்ல பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். குறைஞ்சபட்சம் மொத்தப் பக்க எண்ணிக்கையாவது கேட்டிருக்கலாம், அதையும் விட்டுட்டோம்.

லிஸ்ட்ட ஒரு கேள்வியா வீணடிச்சிருக்க வேண்டாம், இணையத்துல இருக்கற பட்டியல வெச்சு யாரு ஐஎஃப்எஸ், யாரு வெளிலன்னு ரெண்டு ராத்திரில நாங்களே பிரிச்சுட்டோம். அக்ரேமா தேதிக்குப் பதிலா, போன நாட்டுத் தலைவர்கிட்ட நம்பிக்கைக் கடிதம் குடுத்த தேதியப் பாத்திருக்கணும், அது ரகசியமே இல்ல, பொதுவா ஃபோட்டோவோட போடுவாங்க. நோட்டிங்க மட்டும் தனி மனுவா போட்டிருக்கணும், இன்னொரு 10 ரூவா தான செலவு.

எங்க பழைய டிராஃப்ட் எல்லாத்தையும் எடுத்து அந்த பார்லிமென்ட் வரி எங்கெங்க இருக்குதுன்னு தேடி அடிச்சுட்டோம், பதினாலு எடத்துல இருந்துது.

அந்த முதல் மனுவ வாத்தியாரு இன்னும் மஞ்சப்பைல பத்திரமா வெச்சிருக்காரு. போன வாரம் வந்தப்ப, கெட்டில் ஆவில காட்டி அந்தக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப உரிச்சு நம்ம தாலுகா ஆபீஸ் மனுல ஒட்டிக்கலாமுங்களான்னு கேட்டாரு. கூடாதுங்க சார்னு சொல்லிருக்கேன்.